குளிர்காலத்தில் செயின்சோ: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, கவார்த்தா ஏரிகள் பக்கம் குடிவந்து பன்னிரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் விறகு அடுப்புத்தான் முதல் சூடு. அதனால் மரம் அரிகிற இயந்திர வாளான செயின்சோவோடு பழக வேண்டியதாகிவிட்டது. இப்போது ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து ஆட்களும் நகரத்துக்கு வெளியே காணி வாங்குகிறார்கள். 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீட்டர்பரோ பக்கம் அடித்த ஐஸ் புயலுக்குப் (விழுகிற மழை மரத்திலும் வயரிலும் ஐஸாக உறையும் புயல்) பிறகு செயின்சோ வாங்கியவர்களும் நிறையப் பேர். பனி விழத் தொடங்கினால் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டிருக்கிறேன். நான் தொழில்முறை மரம் வெட்டி அல்ல. பாதுகாப்புப் பயிற்சி எடுத்தவன், சின்ன மரங்களோடு நிற்பவன். அந்த அளவோடு வாசியுங்கள்.

அண்ணை, மைனஸ் பதினைந்தில செயின்சோ வேலை செய்யுமா? இல்லாட்டி வசந்தம் வரும்வரைக்கும் பேசாமல் வைக்கிறதா?

தாராளமாகச் செய்யும். கனடாவிலும் சுவீடனிலும் பின்லாந்திலும் காட்டு வேலைக்குக் குளிர்காலம் நல்ல காலம். நிலம் இறுகியிருப்பதால் வண்டிகள் புதையாது, இலை கொட்டியிருப்பதால் மரத்தின் உச்சி வரை தெரியும், நுளம்பும் இல்லை.

குளிர் மட்டும் இயந்திரத்தைக் கெடுப்பது குறைவு. கெடுப்பது ஈரம். ஈரம் எங்கே நீராகிறது, எங்கே ஐஸாகிறது என்று யோசித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு உங்களுக்கே பதில் தெரிந்துவிடும். மைனஸ் 25க்குக் கீழே நான் வெளியே போவதில்லை. அது இயந்திரத்துக்காக அல்ல, எனக்காக.

வேலை முடிஞ்சதும் வீட்டுக்குள்ள கொண்டுவந்து சூடா வைச்சால் நல்லதுதானே?

நல்லதல்ல. வெளியே நின்றுவிட்டு மூக்குக்கண்ணாடியோடு வீட்டுக்குள் வந்தால் கண்ணாடி வெள்ளையாகிறது அல்லவா? அதே வேலை செயின்சோவின் காற்று வடிகட்டியிலும், பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரிலும், பெற்றோல் தாங்கியின் உள்சுவரிலும் நடக்கும். மறுநாள் வெளியே கொண்டுபோனதும் அந்த ஈரம் ஐஸாகி, கயிற்றை இழுத்தால் அசையாது. என் முதல் குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல வைத்து, மூன்று நாள் இப்படி மாரடித்தேன்.

சூடாக்காத கொட்டில்தான் அதற்குச் சரியான இடம். பனியைத் தூரிகையால் தட்டி, செயின் சுற்றும் இடத்தை மறைக்கிற பக்கத்து மூடியைக் கழற்றித் துடைத்து, பெற்றோலை நிரப்பி வையுங்கள். தாங்கி நிறைந்திருந்தால் ஈரக் காற்றுக்கு உள்ளே இடமில்லை. தீட்டவோ பழுதுபார்க்கவோ உள்ளே கொண்டுவரத்தான் வேண்டுமென்றால், முழுதாகக் காயும்வரை ஓர் இரவு விட்டுவிட்டு வெளியே எடுங்கள். அரைமணி நேரம் உள்ளே, அரைமணி நேரம் வெளியே என்பதுதான் மோசம். தண்ணீர் சூடாக்கி இருக்கும் நிலவறையில் பெற்றோலோடு வைக்கவே வேண்டாம். அங்கே சுவாலை எரிகிறது.

கோடையில கலந்து வைச்ச பெற்றோல் மிச்சம் இருக்கு. அதையே விடலாமா?

வேண்டாம். சுத்திகரிப்பு ஆலைகள் குளிர்காலத்துக்கு எளிதில் ஆவியாகும் பெற்றோலைத் தருகின்றன. கோடைப் பெற்றோல் குளிரில் சோம்பேறி, லேசில் ஆவியாகாது. அதோடு ஒயில் கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைப்பது எப்போதுமே நல்லதல்ல.

இன்னொரு சங்கதி எதனோல். ஒன்ராறியோவில் 2020இலிருந்து சாதாரண பெற்றோலில் சராசரியாகக் குறைந்தது 10 சதவீதம் எதனோல் இருக்க வேண்டும் என்றார்கள், 2025இலிருந்து அது 11 சதவீதம். எதனோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். குளிர் கூடக் கூட அது தன்னோடு பிடித்து வைத்திருக்கக்கூடிய நீர் குறையும். மிச்சம் தாங்கியின் அடியில் பிரிந்து நின்று தொந்தரவு தரும். எதனோல் இல்லாத பெற்றோல் கிடைத்தால் அதை வாங்குங்கள், பம்பில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் தெரியும். ஆண்டுக்கு நாலைந்து தரம்தான் வெட்டுவீர்கள் என்றால், தகரத்தில் கலந்தே விற்கிற எரிபொருள் விலை கூடினாலும் கணக்குக்குச் சரிவரும். கலப்பு விகிதம் குளிருக்காக மாறாது. 50க்கு 1 என்றால் 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் ஒயில், கோடையிலும் அதுதான் குளிரிலும் அதுதான்.

காரின் பெற்றோல் தாங்கிக்கு விடுகிற உறைதடுப்புத் திரவத்தை இதற்குள் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். நான் ஊற்றுவதில்லை. அதிலுள்ள மதுசாரம் காபரேட்டரின் மெல்லிய சவ்வுகளுக்கு ஆகாது.

இழுத்து இழுத்துத் தோள் கழண்டு போச்சு. ஸ்டார்ட் ஆகுதில்லை. என்ன பிழை விடுறன்?

பெரும்பாலும் சோக்கை (உள்ளே போகும் காற்றைக் குறைக்கிற நெம்பு) முழுதாகப் போட்டபடியே பத்துத் தரம் இழுத்திருப்பீர்கள். முழு சோக்கில் இழுக்கும்போது ஒரு கட்டத்தில் "புட்" என்று ஒரு தும்மல் கேட்கும். காதுக் கவசம் போட்டிருந்தால் அது தவறிவிடும், கவனம். அந்தத் தும்மலோடு சோக்கைப் பாதிக்குக் கொண்டுவந்து இழுங்கள், பிடிக்கும். தும்மலைத் தவறவிட்டால் பெற்றோல் உள்ளே நிறைந்து பிளக் நனைந்துவிடும். அப்போது சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சோக்கைத் திறந்துவிட்டு, ஏழெட்டுத் தரம் இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கைப் பூட்டித் திரும்ப முயலுங்கள்.

நல்ல குளிரில் நான் முதலில் சுவிட்ச் அணைத்தபடி இரண்டு மூன்று தரம் மெதுவாக இழுப்பேன். உள்ளே இறுகிய ஒயில் கொஞ்சம் இளகும். கயிற்றை இழுப்பதை இலகுவாக்குகிற டிகம்பிரஷன் பொத்தான் இருந்தால் வெட்கப்படாமல் அழுத்துங்கள். பனியை மிதித்து இறுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, அதில் செயின்சோவை வைத்து, பின்கைப்பிடிக்குள் வலது காலை விட்டு இழுங்கள். செயினை நிறுத்துகிற பிரேக் போட்டிருக்க வேண்டும். கையில் தொங்கவிட்டபடி இழுக்கிற வித்தையைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். வழுக்குகிற பனியில் அது வேண்டவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆன கையோட முழு வேகத்தில வெட்டத் தொடங்கலாமா?

ஒரு நிமிடமாவது பொறுங்கள். பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். சுற்றியுள்ள சிலிண்டர் இன்னும் குளிரில் சுருங்கியபடி இருக்கும். அந்த இடைவெளியில் முழு வேகம் கொடுத்தால் பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ளும், அதோடு இயந்திரம் முடிந்தது. மெல்ல ஓடவிட்டு, சின்னக் கொப்பு ஒன்றிரண்டை அரிந்த பிறகு பெரிய கட்டைக்குப் போங்கள்.

காபரேட்டருக்குப் பக்கத்தில சூரியனும் பனிப்பூவும் கீறியிருக்கே, அது என்னத்துக்கு?

பலர் ஐந்து வருடம் வைத்திருந்தும் அதைப் பார்த்ததேயில்லை. பனிப்பூப் பக்கம் திருப்பினால் ஒரு சின்ன வாசல் திறந்து, சிலிண்டரைச் சுற்றிவரும் சூடான காற்றைக் காபரேட்டர் பக்கம் விடும். சில மாதிரிகளில் இது நழுவுகிற தகடு, சிலவற்றில் திருப்பிப் போடுகிற மூடி. எந்த வெப்பநிலையில் மாற்றுவது என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். சில கையேடுகள் 10 பாகைக்குக் கீழே என்கின்றன, சில 0 பாகை என்கின்றன. உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

பத்து நிமிசம் நல்லா ஓடுது, பிறகு தானாச் சாகுது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி.

பேயில்லை, காபரேட்டருக்குள் ஐஸ். பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்வதுபோல. அதனால் காபரேட்டரின் தொண்டை வெளிக் காற்றைவிட நன்றாகவே குளிர்ந்துபோகும், காற்றிலுள்ள ஈரம் அங்கே ஐஸாகப் படியும். இயந்திரம் நின்றதும் சிலிண்டரின் சூடு பரவி ஐஸ் உருகுகிறது, திரும்ப ஓடுகிறது. இது மைனஸ் 20இல் அல்ல, 0 பாகையை ஒட்டிய, ஈரப்பதம் கூடிய நாட்களில்தான் அதிகம் வரும். மைனஸ் 20இல் காற்றில் உறைவதற்கு ஈரமே அவ்வளவு இல்லை. மருந்து முன் கேள்வியில் சொன்ன பனிப்பூதான்.

அதைச் செய்தும் நின்றால் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். மாவுப் பனி பறக்கும் நாளில் அது வெள்ளையாக அடைத்திருக்கும். தட்டிவிட்டால் போதும். வாயால் ஊதாதீர்கள், உங்கள் மூச்சே ஈரம்.

குளிருக்கு எஞ்சின் சத்தம் கீச்செண்டு கூடுது. சக்தி கூடிப்போச்சா?

சந்தோஷப்பட வேண்டாம். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி கூட, அதே அளவு பெற்றோலுக்கு உள்ளே போகிற காற்று கூடிவிடுகிறது. கலவை மெலிந்தால் வேகம் ஏறும், அதோடு ஒயிலும் குறைவாகவே போவதால் பிஸ்டன் சூடாகிக் கீறும். செயின்சோ செய்யும் நிறுவனங்களான ஸ்டிலின் எம்-ட்ரொனிக், ஹஸ்க்வார்னாவின் ஓட்டோடியூன் உள்ளவை தாங்களே சரிசெய்துகொள்ளும். திருகாணி உள்ள பழைய இயந்திரமென்றால் முழு வேகத்தில் போகிற பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கிற, எச் என்று போட்டதைக் கொஞ்சம் திறக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் கடைக்காரரிடம் கொடுங்கள்.

செயின் ஒயில் தேன் மாதிரி இறுகி நிக்குது. மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லுகினம், சரியா?

பழைய ஆட்கள் செய்ததுதான். இன்று குளிர்காலத்துக்கென்றே மெல்லிய செயின் ஒயில் விற்கிறார்கள், இரண்டு டொலர் கூடும், அவ்வளவுதான். காரிலிருந்து இறக்கின கறுப்பு ஒயிலை மட்டும் எந்தக் காலத்திலும் விடாதீர்கள். மரத்துக்கும் நிலத்துக்கும் உங்கள் தோலுக்கும் கேடு. தாவர எண்ணெயில் செய்த செயின் ஒயில் நிலத்துக்கு நல்லது, ஆனால் பாவிக்காமல் நெடுநாள் விட்டால் பிசினாகி ஒட்டும். ஒயில் போத்தலை மட்டும் வீட்டுக்குள் வைத்து, வேலைக்குப் போகும்போது நிரப்புவது என் வழக்கம். அதற்கு ஈரப் பிரச்சினை இல்லை.

ஒயில் வருகிறதா என்று பார்க்கக் குளிர்காலத்தைப்போல வசதியான காலம் கிடையாது. செயின் சுற்றி ஓடுகிற நீண்ட தகடான பாரின் நுனியைச் சுத்தமான பனிக்கு மேலே ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். பத்து விநாடியில் வெள்ளையில் மண்ணிறக் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் வெட்டாதீர்கள், பாரின் தவாளிப்பைத் துப்புரவாக்குங்கள்.

காலையில செயின் அசையுதே இல்லை. வேகத்தைக் கூட்டினால் இளகுமா?

இளகாது, கிளட்ச் எரியும். முதலில் பிரேக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பத்தில் நாலு அழைப்பு அதுதான். பிரேக் எடுத்தும் அசையாவிட்டால், நேற்றைய மரத்தூளும் பனியும் பக்கத்து மூடிக்குள் சேர்ந்து கல்லாகியிருக்கிறது. மூடியைக் கழற்றிக் குச்சியால் தட்டி எடுங்கள், அல்லது காரின் சூட்டுக் காற்றுக்கு முன்னால் கொஞ்ச நேரம் பிடியுங்கள். நெருப்புச் சுவாலை காட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பெற்றோல் தாங்கி எட்டு அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லுங்கள்.

பிரேக்கின் பட்டியிலும் இதே ஐஸ் பிடிக்கும். ஒவ்வொரு காலையும் செயின் சுற்றும்போது பிரேக்கைத் தட்டி உடனே நிற்கிறதா என்று பாருங்கள்.

புதுச் செயின், ஒரு மணித்தியாலத்தில மொட்டை. ஏமாத்திப் போட்டாங்களோ?

இல்லை. உறைந்த மரம் வேறு சாதி. நாருக்குள் உள்ள நீர் ஐஸாகியிருப்பதால் பல் கல்லில் உரசுவதுபோல உரசும். வழக்கமாகப் பல்லுக்கு 30 பாகைக் கோணத்தில் அரம் போடுகிறீர்கள் என்றால், உறைந்த மரத்துக்கு 25 பக்கம் குறையுங்கள். மிகக் கூர்மையான ஓரம் மெல்லியது, அது சீக்கிரம் உடையும். சதுர மூலைப் பல்லைவிட மூலை உருண்ட பல் குளிரில் தாக்குப்பிடிக்கும். பல்லுக்கு முன்னால் உள்ள ஆழமட்டத்தை அளவுக்கு மேல் அராவாதீர்கள், துள்ளும்.

அப்புறம் மண். பனி அள்ளும் வண்டி உப்பும் மணலுமாக வீதியோர மரங்களில் எறிந்துவிட்டுப் போகும். இழுத்துவந்த கட்டையின் அடியில் சேறு உறைந்திருக்கும். கோடரியின் முதுகால் தட்டி அந்தப் பட்டையை எடுத்துவிட்டு வெட்டுங்கள். ஒவ்வொரு தரம் பெற்றோல் விடும்போதும் இரண்டு இழுப்பு அரம் போட்டால் மொட்டையாகும் வரை போகாது.

செயினை எவ்வளவு இறுக்கிறது?

கோடையைப் போலத்தான். பாரின் அடியில் ஒட்டியிருக்க வேண்டும், கையுறையோடு இழுத்தால் ஓட வேண்டும். ஆனால் வேலை முடிந்ததும் தளர்த்த மறக்காதீர்கள். வெட்டும்போது சூடாகி நீண்ட செயினை அந்த நிலையில் இறுக்கிவிட்டு மைனஸ் 20 கொட்டிலில் வைத்தால், இரவில் சுருங்கிப் பாரையும் அச்சையும் வளைக்கப் பார்க்கும்.

என்ர மனுசன் பற்றறிச் செயின்சோ வாங்கினவர். பாதி மரத்தில நிண்டு போகுது. திருப்பிக் கொடுக்கட்டா, அண்ணா?

கொடுக்க வேண்டாம், தங்கச்சி. இரண்டு பற்றறியை உள்சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து மாறி மாறிப் போடச் சொல்லுங்கள். லிதியம் பற்றறிக்குள் வேதிவினை குளிரில் மந்தமாகும், ஆனால் சூடானதும் திரும்பும். காபரேட்டர் இல்லை, பனிப்பூ இல்லை, மேலே எழுதியதில் பாதி அவருக்குத் தேவையே இல்லை.

ஒன்று மட்டும் கட்டாயம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பற்றறியைச் சார்ஜ் போடக் கூடாது. உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும் வரலாம். உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள்.

உடுப்பு எப்படிப் போடுறது? விரலெல்லாம் வெள்ளையாப் போய் விறைக்குது மாமா.

சால்வை கழுத்தில் தொங்கக் கூடாது, அதைச் செயின் இழுத்தால் கதை முடிந்தது. கழுத்தை மூடுகிற குழாய்த் துணி போடுங்கள். தடித்த கம்பளித் தொப்பிக்கு மேலே காதுக் கவசம் போட்டால் இடைவெளியால் சத்தம் நுழையும். ஹெல்மெற்றுக்குள் மெல்லிய தொப்பி போதும். செயின் பட்டால் சிக்கி நிறுத்துகிற காற்சட்டையோ முன்மறைப்போ இல்லாமல் தொடவே வேண்டாம். குளிர்கிறது என்று நாலு உடுப்பு போட்டு வேர்த்தால், நின்றதும் அந்த வேர்வைதான் உங்களை உறைய வைக்கும். இங்கேயும் எதிரி ஈரம்தான்.

விரல் வெள்ளையாவதை விளையாட்டாக எடுக்காதீர்கள், தம்பி. அதிர்வும் குளிரும் சேர்ந்தால் விரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் நிரந்தரமாகிவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வைத்துவிட்டுக் கையைச் சூடாக்குங்கள், திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பிடி சூடாகும் மாதிரிகளும் உண்டு. ஸ்டிலில் பெயரின் கடைசியில் டபிள்யூ, ஹஸ்க்வார்னாவில் ஜி என்று பார்த்து வாங்குங்கள்.

வெளியில குளிர். கராஜுக்குள்ள வைச்சு அரியலாமா?

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. புகையில் வருகிற நச்சு வாயுவான காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

உறைஞ்ச மரத்தை விழுத்திறதில என்ன வித்தியாசம்?

நிறைய. மரம் விழும்போது அதைப் பிடித்துத் திருப்புவதற்காக வெட்டாமல் விடுகிற பட்டையைக் கதவுப் பிணைச்சல் என்று நினையுங்கள். ஈரமான மரத்தில் அது வளையும். உறைந்த மரத்தில் வளையாமல் கண்ணாடிபோல் முறியும். எனவே பிணைச்சலை நம்பி மரத்தைத் திசைதிருப்பும் வேலையைக் குளிரில் வைத்துக்கொள்ள வேண்டாம், அது சாய்ந்திருக்கும் பக்கமே விழட்டும். மரம் விழும் பக்கத்தில் முதலில் போடுகிற முன்வெட்டின் வாயை நன்றாக அகலமாகத் திறந்துவிடுங்கள். ஐஸ் பிடித்த வெட்டுக்குள் பிளாஸ்டிக் ஆப்பு நிற்காது, அடித்தால் துப்பும். முகத்தை நேரே வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள்.

வெட்டுவதற்கு முன் அடிமரத்தைச் சுற்றிப் பனியை நிலம்வரை அள்ளுங்கள். பின்பக்கம் மூலைவாட்டாக விலகி ஓட ஒரு பாதையையும் மிதித்து வையுங்கள். முழங்கால் பனியில் யாரும் ஓட முடியாது. உச்சியில் பனிச் சுமை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஒன்ராறியோவில் செத்து நிற்கும் ஆஷ் மரங்கள் தனிக் கதை. 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு தின்று முடித்தவை அவை. கொப்புகள் உலர்ந்து, ஆப்பு அடிக்கிற அதிர்வுக்கே தலையில் கொட்டும். அதை நான் தொடுவதில்லை, ஆள் பிடிக்கிறேன்.

ஐஸ் புயலில மரம் வில்லு மாதிரி வளைஞ்சு, நுனி பனிக்குள்ள புதைஞ்சு கிடக்கு. நடுவில வெட்டினால் சரிதானே?

வில் மாதிரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நடுவில் வெட்டினால் நாண் அறுந்த வில்லாகத் துள்ளி முகத்தில் அடிக்கும். இறுக்கம் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் வெட்டாதீர்கள், ஐஸ் உருகினால் பல மரங்கள் தாமாகவே கொஞ்சம் நிமிரும்.

வயர் விழுந்திருந்தால் பேச்சே இல்லை, 10 மீற்றர் தள்ளி நின்று மின்சாரக்காரருக்கு அறிவியுங்கள். 2013 டிசம்பர் புயலில் ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்த நாட்களில் வீதியில் கிடந்த வயர் செத்ததா உயிரோடா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

என்ர சொந்த வளவு, என்ர மரம். ஆரைக் கேக்க வேணும்?

ரொறன்ரோ நகரத்துக்குள் என்றால் நகரசபையை. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் தனியார் மரத்துக்கும் அனுமதி வேண்டும். செத்த மரம், உடனே விழப்போகிற மரம் என்றாலும் முதலில் அறிவித்துவிட்டு வெட்டுவதுதான் புத்தி. மற்ற ஊர்களில் சட்டம் வேறு, ஊர் அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள்.

இப்ப வெட்டின விறகை இந்தக் குளிருக்கே எரிக்கலாமா?

எரியும், ஆனால் புகைந்து எரியும். அந்தப் புகை புகைபோக்கியில் தாராகப் படிந்து ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். மேப்பிளுக்கு ஒரு வருடம், ஓக்குக்கு இரண்டு வருடம் காய விடுங்கள். பிளப்பதை மட்டும் இப்போதே செய்யுங்கள். மைனஸ் 20இல் மேப்பிள் கட்டை கோடரி பட்டதும் தேங்காய்போலப் பிளக்கும். என் கொட்டிலில் வருடம் முழுக்க எனக்குப் பிடித்த வேலை அதுதான். மிஞ்சினதை நகரத்து நண்பருக்கு டிக்கியில் ஏற்றி அனுப்பாதீர்கள், மேலே சொன்ன வண்டு அப்படித்தான் ஊர் ஊராகப் பயணம் போனது.

குளிர் முடிஞ்சதும் ஏதாவது செய்ய வேணுமா?

பனிப்பூவைச் சூரியன் பக்கம் திருப்புங்கள். 20 பாகைக்கு மேலே சூட்டுக் காற்று காபரேட்டருக்குப் போனால் இயந்திரம் அளவுக்கு மேல் சூடாகும். நான் ஒரு வருடம் மே நடுப்பகுதி வரை மறந்துபோனேன். இப்போது கொட்டில் கதவின் உட்பக்கத்தில் சோக்கட்டியால் பெரிய சூரியன் ஒன்று கீறி வைத்திருக்கிறேன்.